கிளட்ச் மாற்றக் கொடுத்த காரில் புதுசாக நாலு கோளாறு: பொறுப்பு யாருடையது?

வாசகர் கேள்வி:

என்னுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். முன் சக்கர டிரைவ், மேனுவல் கியர், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பித்ததால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து செட்டையே மாற்றினேன். கிளட்ச் இப்போது அருமையாக இருக்கிறது. ஆனால் வண்டி வந்த மறுநாளே, நிறுத்துகிற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தது. நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியபடி நிற்கிறது. நாலாவது நாள் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஏசியிலும் குளிர்ச்சி குறைந்துவிட்டது. போய்க் கேட்டால், "வண்டி பழசு சார், இதெல்லாம் தானா வர்றது. கிளட்ச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார் உரிமையாளர். வற்புறுத்தியதும், பாதிக் கூலி கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துத் தருவதாகச் சொன்னார். இன்னொரு மெக்கானிக்கோ, "அவங்க கெடுத்து வெச்சிருக்காங்க, வண்டியை விடுங்க, நான் சரி பண்றேன்" என்கிறார். வண்டியைத் தினமும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரை நம்புவது, எப்படிக் கேட்பது?

பதில்:

தினமும் ஓட்டுகிறேன் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். சண்டையை அப்புறம் பார்க்கலாம்.

சொட்டுவது கியர் ஆயிலாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சின்ன கார்களின் மேனுவல் கியர் பாக்ஸில் மொத்தமே ஏறக்குறைய 2 லிட்டர்தான் இருக்கும். இன்ஜின் ஆயில் ரொம்பக் குறைந்தால் விளக்கு எரியும், குச்சியை இழுத்து அளவு பார்க்கலாம். கியர் ஆயிலுக்கு பெரும்பாலான வண்டிகளில் விளக்கும் கிடையாது, குச்சியும் கிடையாது. அது குறைந்ததை நமக்குத் தெரிவிப்பது உள்ளே இருந்து வரும் ஊளைச் சத்தம்தான். அந்தச் சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். பணத்தையும் யோசியுங்கள்: லீக் தெரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்றால், நாளைக்கு கியர் பாக்ஸ் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விடியும். இப்போது ஒர்க்‌ஷாப் பக்கம் இருக்கிற தவறு அன்றைக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

இன்று இரவு வண்டிக்கு அடியில், முன் பக்கம் முழுக்க மறைகிற மாதிரி ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். சக்கரங்கள் இருக்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கியர் ஆயில் கொழகொழவென்று இருக்கும், கந்தக வாடை மூக்கில் ஏறும். ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓடிய இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும், அந்த வாடை இருக்காது. ஏசித் தண்ணீர் என்றால் நிறமே இல்லாமல் காய்ந்துவிடும். அட்டையை அப்படியே படம் எடுங்கள், தூக்கிப் போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"கொடுக்கும்போது நல்லா இருந்தது" என்பது உங்கள் வாதம். "வண்டி பழசு" என்பது அவர் வாதம். கார்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். தகராறு என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டு வாக்கியங்களும் கூடவே வரும். இரண்டும் எதையும் நிரூபிப்பதில்லை. பழைய வண்டியில் எந்தக் கோளாறும் எந்த நாளும் வரலாம். அதே சமயம் பழைய வண்டியைக் கழற்றி மாட்டுகிறபோதுதான் கை தவறுவதும் அதிகம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையைச் செய்ய எதை எதைக் கழற்றியாக வேண்டும்? புதுக் கோளாறு அந்த வழியில் இருக்கிறதா, இல்லையா?

கிளட்ச் உட்கார்ந்திருப்பது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். அதைத் தொட வேண்டும் என்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். முன் சக்கர டிரைவ் வண்டியில் அது சும்மா இறங்கி வராது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். ஹப் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளை லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டிலோ ஷாக் அப்சார்பர் போல்ட்டிலோ விடுவிப்பார்கள். சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டான ஆக்சிலை இரண்டு பக்கமும் கியர் பாக்ஸிலிருந்து உருவுவார்கள். பல மாடல்களில் கீழே தாங்கி நிற்கிற இரும்புச் சட்டமான சப் ஃப்ரேமையும் இறக்க வேண்டிவரும். கியர் பாக்ஸ் மேல் இருக்கிற கப்ளர்கள், அதாவது வயர் இணைப்புகள், அத்தனையும் கழலும், ஸ்டார்ட்டர் கழலும், கியர் கேபிள் கழலும், மவுண்ட் கழலும். கிளட்ச் வேலை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, வண்டியின் முன் பாதியில் கை படாத இடம் கொஞ்சம்தான்.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாலு கோளாறையும் பாருங்கள்.

எண்ணெய்: ஆக்சில் கியர் பாக்ஸுக்குள் நுழைகிற வாயில் ஒரு ஆயில் சீல் இருக்கிறது. ரப்பர் உதடு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு சன்னமான ஸ்பிரிங், அவ்வளவுதான். ஒன்பது வருடம் ஒரே இடத்தில் உரசி உரசி அந்த உதடு விறைத்திருக்கும். ஆக்சிலை உருவித் திரும்பச் செருகும்போது முனையிலிருக்கிற பல் அந்த உதட்டைக் கீறினால் போதும், மறுநாளே சொட்டும். நல்ல மெக்கானிக் கிளட்ச் வேலையோடு இரண்டு சீலையும் மாற்றிவிடுவார், விலை அற்பம். உங்கள் பில்லை எடுத்து, ஆக்சில் ஆயில் சீல் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கூடவே கியர் ஆயில் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலை உருவுவதற்கு முன் ஆயிலை வடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருவியதும் அதுவே கொட்டியிருக்கும். பில்லில் கியர் ஆயிலே இல்லை என்றால், வடித்த ஆயில் எங்கே போனது, திரும்ப எதை எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பக்கவாட்டில் இருக்கிற லெவல் பிளக்கைக் கழற்றி, துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்கிறதா என்று உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு நேராக அந்த வேலையின் வழியில் இருக்கிறது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

ஸ்டியரிங்: இதுவும் வழியில்தான் இருக்கிறது. ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிடிக்கிற இரண்டு போல்ட்டுகளில் பல வண்டிகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கழற்றிய இடத்தில் குறி போட்டு வைக்காமல் திரும்ப முடுக்கினால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். சப் ஃப்ரேமை இறக்கியிருந்தால் இன்னும் தெளிவு. பல கார்களில் ஸ்டியரிங் ரேக் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் தள்ளி முடுக்கினாலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இப்படிப்பட்ட வேலைக்குப் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துக் கொடுப்பதுதான் முறை.

இதற்கு ஆதாரம் திரட்டுவது சுலபம். முதலில் நாலு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். பிறகு வேறு ஒரு அலைன்மென்ட் கடையில் அளவு மட்டும் எடுக்கச் சொல்லி, அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் திருத்த விட வேண்டாம். திருத்திவிட்டால், முன்னால் என்ன அளவு இருந்தது என்பது உங்கள் வாய்ச்சொல்லாகிவிடும். ஸ்டியரிங் கோணலாக இருந்தாலும் வண்டி நேராகப் போகிறதா, அல்லது கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். இழுப்பது டயராலும் இருக்கலாம். ஒரே பக்கம் சுழல வேண்டிய டயர் இல்லையென்றால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். ஆனால் ஸ்டியரிங்கில் லூஸ் தெரிந்தாலோ, திரும்பும்போது கீழே டக் டக்கென்று சத்தம் வந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். நிறுத்திவிட்டு, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பால் ஜாயிண்ட் போல்ட் முடுக்கப்படாமல் விட்டுப்போவது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

இன்ஜின் விளக்கு: இதில்தான் ஆத்திரப்பட்டுப் பலர் ஆதாரத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். விளக்கு எரிந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு 'கோடு' (code), அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண், பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். 1996-ல் அமெரிக்காவில் கட்டாயமாகி மற்ற நாடுகளுக்கும் பரவிய ஓபிடி-2 என்ற பொதுத் தரத்தின்படி, சாதாரண ஸ்கேனரே அதைப் படித்துவிடும். கோடைப் படிக்கச் சொல்லுங்கள், அழிக்க விடாதீர்கள். ஸ்கேனரை மாட்டியதுமே அழிப்பது பல கடைகளில் அனிச்சையான பழக்கம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடு பி0500 என்று வந்தால் அது வண்டி வேக சென்சார். பல வண்டிகளில் அந்த சென்சார் கியர் பாக்ஸ் மேலேயே இருக்கிறது. கப்ளர் சரியாக உட்காராமல் விட்டிருந்தாலோ, வயர் இழுபட்டிருந்தாலோ இந்தக் கோடு வரும். கிராங்க் சென்சார் பற்றிய கோடு வந்தாலும் கியர் பாக்ஸ் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும், பல இன்ஜின்களில் அது கிளட்ச் பொருந்துகிற பிளைவீலுக்கு அருகில் இருக்கிறது. மாறாக பி0420 என்று வந்தால், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 92,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது தானாக வரக்கூடியதுதான். அதைக் கிளட்ச் மாற்றியவர் தலையில் கட்ட முடியாது.

அதே ஸ்கேனரில் இன்னும் மூன்று தகவல்கள் இருக்கும், பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. விளக்கு எரிந்தபடி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது ஒன்று. கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்டு எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பது இன்னொன்று. கோளாறு பதிவான கணத்தில் வேகம், இன்ஜின் சுற்று, சூடு எவ்வளவு என்று உறைய வைத்த பதிவு மூன்றாவது. மூன்று திரைகளையும் ஓடோமீட்டரையும் சேர்த்துப் படம் எடுங்கள். "விளக்கு முன்னாடியே எரிஞ்சுட்டு இருந்துச்சு சார்" என்று பின்னால் ஒரு பேச்சு வந்தால் இந்தப் படம் கைகொடுக்கும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்த நாளை ஒட்டிக் கோடுகள் அழிந்திருப்பதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலே சில வண்டிகளில் அது அழிந்துவிடும். அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை.

ஏசி: இங்கே நான் ஒர்க்‌ஷாப் பக்கம். இன்ஜின் குறுக்காக அமர்ந்திருக்கும் இந்த மாதிரி கார்களில் கம்ப்ரஸர் பெல்ட் பக்கம் இருக்கிறது, கியர் பாக்ஸ் எதிர்முனையில் இருக்கிறது. கிளட்ச் மாற்ற ஏசி கேஸ் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் கிளிக் என்று பிடிக்கிறதா, முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிடிக்கவே இல்லை என்றால் ஏதாவது வயரோ ஃபியூஸோ நகர்ந்திருக்கலாம், அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம். பிடித்தும் குளிர்ச்சி போதவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், அது உங்கள் செலவு. புகாரிலிருந்து ஏசியை எடுத்துவிடுங்கள். நாலு கோளாறை வரிசையாக அடுக்கி, அதில் ஒன்று சம்பந்தமில்லாதது என்று அவர் காட்டிவிட்டால், மற்ற மூன்றும் அதோடு அடிபட்டுப் போகும்.

இரண்டாவது மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வேலை தனக்கு வர வேண்டும் என்று நினைப்பவரின் சாட்சியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் கழற்றிச் சரிசெய்த பிறகு, கீறிய சீல் எந்த நிலையில் இருந்தது என்று காட்டவும் எதுவும் மிஞ்சாது. முதல் ஒர்க்‌ஷாப், "எங்களுக்குப் பார்க்கவே வாய்ப்புக் கொடுக்கவில்லை" என்று கையை விரித்துவிடும். பெரும்பாலான இடங்களில் அந்த வாதம் எடுபடும். அதனால் முதல் வாய்ப்பை அவர்களுக்கே கொடுங்கள். உங்களுக்குத் தனியாக ஒரு கருத்து வேண்டும் என்றால், கட்டணம் கொடுத்துப் பரிசோதனை மட்டும் செய்யச் சொல்லுங்கள், இந்த ரிப்பேர் வேலை அவருக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு. அறிக்கையில் தேதி, கிலோமீட்டர், எந்த இடத்தில் என்ன தெரிகிறது, படம் ஆகியவை இருக்க வேண்டும். முந்தின மெக்கானிக் எப்படிப்பட்டவர் என்ற விமர்சனம் அதில் வேண்டாம், அது அறிக்கையின் மதிப்பைத்தான் குறைக்கும்.

வீட்டில் இருக்கிற காகிதங்களையும் தேடி எடுங்கள். வண்டியைக் கொடுத்தபோது எழுதிய ஜாப் கார்டில், ஏற்கெனவே இருக்கிற குறைகள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எண்ணெய்க் கசிவு, இன்ஜின் விளக்கு, ஸ்டியரிங் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பெரிய பலம். உள்ளே போனபோதும் வெளியே வந்தபோதும் இருந்த கிலோமீட்டரைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்றால் உருப்படியாக ட்ரையல் பார்க்கவில்லை என்று தெரியும். பார்த்திருந்தால் கோணல் ஸ்டியரிங் ஓட்டியவர் கைக்கே தெரிந்திருக்குமே. "திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். மறுநாள் சொட்டப்போகிற எண்ணெயைக் கவுன்ட்டரில் நின்றபடி யாரும் பார்த்திருக்க முடியாது.

பேசப் போகும்போது கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கவுன்ட்டரில் நின்று குரல் உயர்த்தினால், மற்ற வாடிக்கையாளர் முன்னால் அவர் இறங்கிவரவே மாட்டார். "யார் தப்புன்னு அப்புறம் பேசலாம், வண்டியை லிஃப்ட்ல ஏத்துங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். வண்டி மேலே ஏறி, ஆக்சில் வாயில் எண்ணெய் ஈரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஏற்ற மறுத்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ, தேதி பதிவாகிற எதுவானாலும் சரி. இவ்வளவு போதும்:

"இன்ன தேதியில், இத்தனை கிலோமீட்டரில் உங்களிடம் கிளட்ச் மாற்றினேன். பில் எண் இது. மறுநாள் முதல் ஆக்சில் பக்கம் கியர் ஆயில் கசிகிறது. ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. நாலாவது நாள் இன்ஜின் விளக்கு எரிந்தது, கோடு இது. ஆக்சிலும் நக்கிளும் கியர் பாக்ஸ் கப்ளர்களும் இந்த வேலைக்காகக் கழற்றப்பட்டவை. வண்டியை ஓட்டாமல் நிறுத்தியிருக்கிறேன். பத்து நாட்களுக்குள் என் முன்னிலையில் பரிசோதித்து, உங்கள் வேலையால் வந்தவற்றைக் கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். படங்களும் அலைன்மென்ட் அளவும் இணைத்திருக்கிறேன்."

வசவு, மிரட்டல், இணையத்தில் எழுதிவிடுவேன் என்ற பேச்சு எதுவும் இதில் வேண்டாம். பத்து நாளில் பதில் வராவிட்டால், உங்கள் ஊரில் நுகர்வோர் புகார்களுக்கு இருக்கிற அமைப்பிடம் இதே கடிதத்தைக் கொண்டுபோங்கள். பணம் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். வேலையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கே போனாலும் அளவுகோல். வண்டியின் வயது அதை மாற்றாது.

கடைசியாக, அவர் சொன்ன பாதிக் கூலி. மொத்தமாக ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மொத்தமாக மறுக்கவும் வேண்டாம். ஆயில் சீல் இரண்டுக்கும் விலை நீங்கள் கொடுங்கள். அன்றைக்கே மாற்றியிருந்தாலும் அந்த விலையைக் கொடுத்திருப்பீர்கள் அல்லவா? ஆக்சிலை மறுபடி கழற்றி மாட்டும் கூலி அவர் பொறுப்பு, இறங்கிப் போன கியர் ஆயிலும் அவர் பொறுப்பு. அலைன்மென்ட் முழுக்க அவர் செலவு. விளக்கு கப்ளரால் எரிந்தது என்றால் இலவசம். ஒன்பது வருடப் பழைய சென்சாரே செத்துப்போயிருந்தால் சென்சார் விலை உங்களுடையது, மாட்டும் கூலியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஏசி வேறு கணக்கு, வேறு பில். பணம் கொடுத்தால்தான் வண்டி வெளியே போகும் என்று நின்றால், கொடுத்துவிட்டு எடுத்து வாருங்கள். ஆனால் பில்லின் இரண்டு பிரதியிலும் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய சீல்களையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.